விசுவாசக் கல்விக்கு வீட்டில் யாருக்கு நேரம்?

2020 மார்ச்சில் கொரோனாவால் மூடப்பட்ட நமது பாடசாலைகள் இடையிடையே திறந்து மூடி, வழமைக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. பசறையிலிருந்து பிபிலை போகும் வழியிலுள்ள லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள், பெரியவர்கள் துணையோடு காட்டுக்குள் நடந்து, மலையுச்சியில் மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறி இணையவழிப் பாடம் படித்த செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. சிக்னலும் ஸ்மார்ட் போனும் எட்டாத தோட்ட லயங்களில் அதுவும் கிடைக்கவில்லை. அங்கே பாடம் என்று நடந்ததெல்லாம், கொழுந்து மலையிலிருந்து திரும்பிய தாய் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே பிள்ளையின் கொப்பியைப் பார்த்ததுதான். அந்தக் காலம் முடிந்த பிறகு நமது சபைகளில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. வீடு பாடசாலையாக இருக்க முடியுமென்றால், விசுவாசத்துக்காக அதை அப்படியே வைத்துக்கொள்ளக்கூடாதா? அமெரிக்காவில் லட்சக்கணக்கான கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கின்றன. அந்தச் செய்தி யூடியூப் பிரசங்கங்கள் வழியாக நமுனுகுலை மலையடிவாரத்துக்கும் வந்து சேர்கிறது. பிள்ளை தேவனை அறிந்தவனாக வளர வேண்டும் என்ற பயத்தோடும் ஏக்கத்தோடும் கேட்கப்படும் கேள்வி இது. அதற்குப் பொறுப்பான பதில் வேண்டும்.

பாடசாலையிலிருந்து பிள்ளையை எடுத்துவிடுவது நமது தோட்டக் குடும்பங்களுக்கு வழியல்ல என்பது என் முடிவு. விசுவாசத்தைப் பாடசாலையின் சமயபாடத்திடமும் ஞாயிறு பாடசாலையிடமும் ஒப்படைத்துவிட்டு இருப்பதும் வழியல்ல. விசுவாசம் வீட்டில்தான் கற்பிக்கப்பட வேண்டும். ஆனால் அந்த வேலையைத் தாயின் தலையில் மட்டும் வைக்கிற வீடு அதைச் செய்து முடிக்காது. செய்ய முயன்று, திருமணத்தையும் தாயின் உடலையும் சேர்த்துக் களைப்பாக்கிக்கொள்ளும். ஆகவே வீட்டுக்கல்வி பற்றிய கேள்வியை நாம் கேட்க வேண்டிய இடம் கணவனும் மனைவியும் ஒரு நாளின் மணித்தியாலங்களை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்ற இடம். பிரசங்க மேடைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் தாண்டிப் போகப்படுகிறது.

முதலில் பாடசாலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் 1998இல் 5 வயதிலிருந்து 14 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அந்த மேல் வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் ஒரு காரணம். வரலாறு அதைவிடப் பெரிய காரணம். 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பொறுப்பைத் துரைமார் மேல் வைத்தது. பல துரைமார் அதை ஒரு தகரக் கொட்டிலோடு முடித்துக்கொண்டார்கள். 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டது. 1948இல் குடியுரிமையும் போனது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். பேர்ப் பதிவுக்கும் கொழுந்துக் கணக்குக்கும் கைநாட்டு வைத்த ஒரு சமூகம், தன் பிள்ளையை ஆசிரியையாகவும் தாதியாகவும் பார்த்தது அந்தப் பாடசாலைகள் வழியாக. இதை விட்டு வெளியே வரும்படி சொல்வதற்கு, வேறு பள்ளிகளும் நூலகங்களும் பணமும் கையில் உள்ள ஒரு நாட்டின் உதாரணம் போதாது. அயலவனை நேசிக்கும் கட்டளையும் இங்கே பேசுகிறது. ஊவாவில் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். நமது பிள்ளை வகுப்பில் முருகனைக் கும்பிடும் பிள்ளையோடும், பசறை, பதுளை போன்ற பட்டினங்களில் முஸ்லிம் பிள்ளையோடும் ஒரே வாங்கில் இருக்கிறது. அந்த வாங்கிலிருந்து எழுப்பிக் கொண்டுபோனால், இந்த மலையில் சாட்சியாக வாழ அது எங்கே பழகும்?

அதற்காக, பாடசாலையே விசுவாசத்தையும் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணவும் முடியாது. சாதாரண தரம் வரைக்கும் சமயம் ஒரு கட்டாயப் பாடம். அதனால் நன்மை உண்டு. ஆனால் அது பரீட்சைக்கான பாடம். பன்னிரண்டு அப்போஸ்தலரின் பெயரை எழுதி மதிப்பெண் வாங்கும் பிள்ளை, வகுப்புத் தோழனின் பென்சிலைத் திருப்பிக் கொடுக்கும் பிள்ளையாக இருக்கும் என்பதற்கு அந்த மதிப்பெண் உறுதி தராது. ஞாயிறு பாடசாலையும் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம்தான். 5ஆம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க ஞாயிறு காலை டியூஷன் வகுப்பு அந்த ஒரு மணித்தியாலத்தையும் எடுத்துக்கொள்கிறது. பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. லயத்திலிருந்து வெளியேறும் கதவு அந்தப் பரீட்சை என்று அவர்கள் நம்புவதற்கு வாழ்க்கை காரணம் கொடுத்திருக்கிறது. ஆனால் வாரத்தின் ஒரே ஒரு சமய மணித்தியாலத்தையும் டியூஷனுக்குக் கொடுத்த பிறகு, மிச்சமிருப்பது வீடு மட்டுமே.

வேதம் ஆரம்பம் முதலே சுட்டும் இடமும் அதுதான். உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் மோசே பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்லும் நேரங்களைப் பாருங்கள்: வீட்டில் இருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. கரும்பலகையும் நேரசூசியும் அங்கே இல்லை. உழைக்கிற ஒரு குடும்பத்தின் நாள் எந்தெந்த இடங்களைத் தொட்டுப் போகிறதோ அந்த இடங்கள்தான் சொல்லப்படுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையும் 1965 அக்டோபர் 28ஆம் திகதி வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய சங்க ஏட்டில் பெற்றோரே முதன்மையான கல்வியாளர்கள் என்று வைத்தது. அவர்களுக்குச் சமூகம் முழுவதின் உதவியும் தேவை என்பதையும் அங்கேயே சொன்னது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பத்தைப் பற்றி எழுதியபோது, அடிப்படைப் படிப்புக்குப் பெற்றோர் பாடசாலையை நம்பலாம், ஒழுக்க உருவாக்கத்தை முழுவதுமாக ஒப்படைத்துவிட முடியாது என்று அந்த எல்லைக்கோட்டைத் தெளிவாக இழுத்தார். சீர்திருத்த சபைகளின் வரலாறும் இதிலிருந்து விலகவில்லை. மார்ட்டின் லூதர் 1524இல் ஜெர்மன் நகர சபையினருக்கு எழுதிய கடிதத்தில் பாடசாலைகளைக் கட்டும்படி மன்றாடினார். பல பெற்றோருக்குத் தகுதியில்லை, தகுதியுள்ளவர்களுக்கு நேரமில்லை என்பது அவர் காட்டிய காரணங்களில் முக்கியமானது. அதே லூதர் ஐந்து ஆண்டுகள் கழித்து, 1529இல், சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அது குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்று குறித்தார். எழுத்தும் கணக்கும் நகரத்தின் பொறுப்பு. பத்துக் கட்டளையும் கர்த்தருடைய ஜெபமும் தகப்பனின் பொறுப்பு. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேலைப் பங்கீட்டில் தகப்பனின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது பசறைத் தோட்டத்து வீட்டின் நாளைப் பார்ப்போம். தாய் இருட்டோடு எழும்புகிறாள். தேத்தண்ணி, ரொட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்துவது, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விடுவது, பிறகு வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டு. பின்னேரம் கடைசிக் கொழுந்து நிறுக்கும்வரை அவளுடைய நேரம் அவளுடையதல்ல. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். ஆண்களுக்குக் கொடுக்கப்படும் கவ்வாத்து, மருந்தடிப்பு போன்ற வேலைகள் பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடும். ரேச்சல் குரியன் 1982இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக எழுதிய ஆய்வு, தோட்டப் பெண்ணின் இந்த இரட்டைச் சுமையை விரிவாகப் பதிவு செய்தது. அப்போது பெண்ணின் நாட்சம்பளம் ஆணுடையதைவிடக் குறைவு. 1984இல்தான் அது சமமானது. சம்பளம் சமமான பிறகும் மணித்தியாலங்கள் சமமாகவில்லை. லயக் காம்பராவில் மாலை ஆறு மணிக்கு உட்கார நேரமுள்ளவர் யார் என்று கேட்டால், பல வீடுகளில் பதில் தகப்பன். பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும்படி நாம் அறிவுரை சொல்வதோ தாய்மார் சங்கத்தில்.

மெதடிஸ்த சபை பதுளையின் கல்வி வரலாற்றில் ஆழமாகக் கால் பதித்த சபை. அந்தப் பாரம்பரியத்தில் வீட்டுக்கல்வியின் முன்மாதிரியாக ஒரு பெண் எப்போதும் காட்டப்படுகிறாள்: ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னா. அவள் பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, பிழைத்தவர்களுக்கு எப்வர்த் ஊர்க் குருமனையில் ஒரு நாளில் ஆறு மணித்தியாலம் பாடம் சொன்னாள். வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலையைத் தனியே ஒதுக்கினாள், ஜானுக்கு வியாழக்கிழமை. தாய்மார் தினப் பிரசங்கங்களில் இவ்வளவும் வரும். இதற்குப் பின்னாலிருந்த திருமணம் வருவதில்லை. அரசன் வில்லியத்துக்காக வைத்த ஜெபத்துக்கு அவள் ஆமென் சொல்ல மறுத்தாள் என்பதற்காகக் கணவர் சாமுவேல் வீட்டை விட்டுப் போய் மாதக்கணக்கில் பிரிந்திருந்தார். அவர்கள் ஒப்புரவான பின் 1703இல் பிறந்த பிள்ளைதான் ஜான். 1705இல் சாமுவேல் கடனுக்காகச் சிறைக்குப் போனார். அவ்வளவு கவனத்தோடு வளர்க்கப்பட்ட மகள்களில் ஒருத்தி ஹெட்டி. அவள் தவறியபோது தகப்பன் அவளைப் பொருந்தாத ஒரு திருமணத்துக்குள் தள்ளினார். அவள் மன்றாடியும் மன்னிக்கவில்லை. சுசன்னாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அந்த உழைப்பு உலகத்துக்குக் கொடுத்தது பெரிது. ஆனால் தாய் தனியே நடத்தும் பாடசாலை எத்தனை சிறப்பானதாக இருந்தாலும், அதே வீட்டில் மன்னிப்பு நடக்கவில்லையென்றால் பிள்ளை மன்னிப்பை எங்கே படிக்கும்? பாடத்தைத் தாய் சொல்ல, அதற்கு மாறான பாடத்தைத் தகப்பனின் நடத்தை சொல்ல, பிள்ளை இரண்டையும் படிக்கிறது.

லயக் காம்பராவில் இது இன்னும் கூர்மையாகிறது. பழைய லயங்களின் காம்பரா ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி. அந்த இடத்துக்குள் கணவன் மனைவி பேசுவது, சம்பளத்தைப் பற்றிச் சண்டையிடுவது, சாராயத்தின் மணம், பிறகு வரும் மௌனம், எல்லாம் பிள்ளையின் காதிலும் மூக்கிலும் விழுகின்றன. பெரிய வீடுகளில் பெற்றோரின் திருமணம் ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கலாம். இங்கே அது திறந்த புத்தகம். பிள்ளை முதலில் வாசிக்கிற புத்தகமும் அதுதான். கிறிஸ்து சபையை நேசித்ததுபோல் மனைவியை நேசிக்கும்படி பவுல் எபேசியருக்கு எழுதியதைப் பிள்ளை முதலில் கேட்பது பிரசங்கத்தில் அல்ல. தகப்பன் தாயின் பெயரைக் கூப்பிடும் தொனியில். ஆகவே பிள்ளைக்கு வேதம் சொல்லத் தொடங்குவதற்கு முன் கணவனும் மனைவியும் தங்களுக்கென ஒரு சிறு நேரத்தைக் காத்துக்கொள்வது சுயநலமல்ல. தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் இருவராக நடப்பது, கைக்காசு வாங்கிய அன்று கணக்கை ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது, இவையும் விசுவாசக் கல்வியின் பகுதி.

இதற்கு எழும் முதல் மறுப்பு வேதத்திலிருந்தே வருகிறது. புருஷன் வீட்டுக்குத் தலை. பாத்திரம் கழுவுவதும் பிள்ளையைப் பார்ப்பதும் அவனுடைய ஸ்தானத்துக்கு ஏற்றதல்ல என்கிறார்கள். அதே எபேசியர் நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில், பிள்ளைகளைக் கர்த்தருக்கேற்ற போதனையில் வளர்க்கும் கட்டளை பிதாக்களைப் பெயர்சொல்லி அழைத்துக் கொடுக்கப்படுகிறது. தலைமையை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டளையை மனைவியிடம் தள்ளிவிட அந்த நிருபத்தில் இடமில்லை. பாத்திரம் கழுவுவது சிறுமை என்றால், இராப்போஜன இரவில் சீஷரின் கால்களைக் கழுவியவரை நாம் எந்த ஸ்தானத்தில் வைப்பது? ஏலியின் வரலாறும் எச்சரிக்கை. சீலோவில் ஆசாரியனாக இருந்தவர் அவர். ஆலயத்தில் சாமுவேல் என்ற பிறர் பிள்ளையை நன்றாக வளர்த்தார், சொந்தப் பிள்ளைகள் ஓப்னியையும் பினெகாசையும் அடக்காமல் விட்டார். ஊழியத்தில் மூழ்கிய தகப்பனுக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு, எல்லா வீட்டிலும் இரண்டு விசுவாசிகள் இல்லையே என்பது. உண்மை. தோட்டத்தில் ஒரே குடும்பத்துக்குள் மாரியம்மன் திருவிழாவும் கிறிஸ்மஸும் இருப்பது வழமை. மனைவி சபைக்குப் போக, கணவன் போகாத வீடுகள் நிறைய. கொழும்புக்கு வேலைக்குப் போன தகப்பனும், குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டுப் பணிக்குப் போன தாயும் இருக்கும் வீடுகளும் நிறைய. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் அப்படிப் போவதை 2013இல் அரசு கட்டுப்படுத்தியது. பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் அம்மாயியிடமும் அப்பாயியிடமும் வளர்கிறார்கள். இந்த வீடுகளை நினைத்துத்தான் தீமோத்தேயுவை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். லீஸ்திரா ஊரைச் சேர்ந்த அந்த இளைஞனின் தகப்பன் கிரேக்கன். அவனுக்குள் இருந்த விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் பிறகு தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் இருவரையும் பெயர்சொல்லி எழுதுகிறார். முழுமையான வீடு அமையும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. இருந்த வீட்டிலிருந்தே தீமோத்தேயு எழும்பினான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியாலும் இது முடியும். யோசேப்பின் கதையையும் ரூத்தின் கதையையும் வாய்வழியே சொல்ல நமது பாட்டிமாருக்குப் புத்தகம் தேவையில்லை. விசுவாசியல்லாத கணவனிடமும் கேட்கக்கூடிய ஒன்று உண்டு: பிள்ளையோடு இருக்கும் அரை மணித்தியாலம். அடுப்பு வேலையிலிருந்து மனைவியை விடுவிக்க அவன் ஜெபம் பண்ணத் தெரிந்தவனாக இருக்க வேண்டியதில்லை. விசுவாசமில்லாத கணவன் மனைவியால் பரிசுத்தமாகிறான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில், அப்படிப்பட்ட வீட்டின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது!

மூன்றாவது மறுப்புத்தான் மிகவும் நியாயமானது. வயிறு நிறையாத வீட்டுக்கு, நாள் முழுவதும் மலையில் நின்ற உடலுக்கு, மாலையில் வேதபாடம் நடத்தச் சொல்வது எளிதா? ஒரு நாளுக்கு 1000 ரூபாய் என்ற கோரிக்கைக்காகத் தொழிலாளர் வருடக்கணக்கில் போராடி, 2021இல்தான் அதைக் கண்டார்கள். அடுத்த வருடமே விலைவாசி அதை விழுங்கியது. இந்த மறுப்புக்கு ஜெபத்தை மட்டும் பதிலாகக் கொடுப்பவர் குடும்பத்தை நேசிக்கவில்லை. 1972இல் பதுளை மறைமாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டபோது, கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார அந்தப் பெரிய ஆசனத்தை விட்டு இந்தப் புதிய, ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். தோட்டத் தொழிலாளரின் வாழ்வை சுவிசேஷத்துக்கு வெளியிலுள்ள விடயமாக அவர் பார்க்கவில்லை. சம்பளமும் வீடும் பிள்ளைக் காம்பராவும் விசுவாசக் கல்வியின் நிபந்தனைகள். அவற்றுக்காகப் பேசாத சபை, தாயிடம் இன்னும் அதிகம் கேட்க உரிமையற்றது. என்றாலும், நீதி வரும்வரை பிள்ளை வளராமல் நிற்காது. பத்து வயதுப் பிள்ளைக்கு அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை முடியும்போது பன்னிரண்டு வயது ஆகிவிடும். ஆகவே கேட்பதைச் சிறிதாக்க வேண்டும், விட்டுவிடக்கூடாது.

சிறிதாக்குவது என்றால் எவ்வளவு? சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணித்தியாலம் போதும் என்பேன். வேதாகமத்தில் ஒரு சம்பவம், அதைப் பற்றிப் பிள்ளை கேட்கும் ஒரு கேள்வி, ஒரு குறுகிய ஜெபம். கத்தோலிக்க வீட்டில் முழுச் செபமாலை முடியாத நாளில் ஒரு பத்து மணி. வாசிப்பது பிள்ளையாகவே இருக்கட்டும். பாடசாலை கொடுத்த எழுத்தை வீடு அப்படிப் பயன்படுத்தும்போது இரண்டுக்கும் பகையில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். தகப்பன் வீட்டில் இருந்தால் தொடங்குவது அவர். அந்த நேரத்தில் பாத்திரங்கள் காத்திருக்கட்டும், அல்லது அதற்கு முன்பே அவர் கழுவி வைக்கட்டும். எல்லா நாளும் நடக்காது. பீக் காலத்தில், கொழுந்து கூடுதலாக வரும் வாரங்களில், வாரத்துக்கு இரண்டு நாள் நடந்தால் அதற்காக நன்றி சொல்லலாம். மிச்சப் பாடம் உபாகமம் சொன்ன இடங்களில் நடக்கும்: கடன் வாங்கிய சீனியைத் திருப்பிக் கொடுக்கப் பிள்ளையை அனுப்பும்போது, பக்கத்துக் காம்பராவில் சாவு விழுந்த வீட்டுக்கு எந்த மதமென்று பாராமல் தேத்தண்ணி கொண்டுபோகும்போது.

கடைசியாக, சபைகளிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதத்துக்கு ஒரு முழு இரவு ஜெபம், வாரநாளில் வீட்டுக்கூட்டம், சனிக்கிழமை பாடகர் பயிற்சி என்று ஒரு தாயின் மாலைகளை எடுத்துக்கொண்ட பிறகு, ஞாயிறன்று அவளிடமே குடும்ப ஜெபம் ஏன் நடப்பதில்லை என்று கேட்பது நியாயமில்லை. வாரத்தில் குறைந்தது இரண்டு மாலைகளைக் கூட்டமில்லாத மாலைகளாகச் சபை வீடுகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; அந்த மாலைகளில் போதகரும் தன் சொந்த வீட்டில் இருக்க வேண்டும். திருமண ஆயத்த வகுப்புகளில் மணமகனிடம் சபை கேட்கும் கேள்விகளோடு, பிள்ளைகளுக்கு யார் வேதம் சொல்வீர்கள், அந்த நேரத்தில் சமையல் யார் பார்ப்பீர்கள் என்ற இரண்டையும் சேர்த்து, மணமகளின் முன்னிலையிலேயே பதில் வாங்க வேண்டும். தாய்மார் சங்கத்தில் இவ்வளவு காலம் சொன்னதை இனி ஆண்கள் ஐக்கியத்தில் சொல்ல வேண்டும். ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் அடுத்த வாரப் பாடத்தை ஒரு சிறு துண்டில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பலாம், தகப்பனின் பெயரை மேலே எழுதி.